உபரியை அரைத்தது யார்?

ஆதி நாகரிகங்களைப் பற்றி எந்தப் பாடத்தைப் பிரித்தாலும், எந்த ஆவணப்படத்தை ஓடவிட்டாலும், ஒரு வாக்கியம் தவறாமல் வந்து நிற்கும். ஆற்றங்கரையில் விளைச்சல் பெருகியது, உண்டது போக உபரி மிஞ்சியது, அதனால் சிலர் ஏரைக் கீழே வைத்துவிட்டுக் குயவராகவும் கொல்லராகவும் பூசாரியாகவும் எழுத்தராகவும் மாற முடிந்தது, நகரம் பிறந்தது. தொல்லியலாளர் கார்டன் சைல்ட் 1950இல் நகரப் புரட்சியைப் பற்றி எழுதி, நகரத்துக்குரிய பத்து அடையாளங்களைப் பட்டியலிட்டபோது இந்த உபரிக்கு நடுவீட்டில் இடம் போட்டுக் கொடுத்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவரோடு பல இடங்களில் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். உபரியையும் சிலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் அது அசையவில்லை. பாடப்புத்தகம் எழுதுபவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. 'களஞ்சியம் நிரம்பியது' என்று எழுதிவிட்டால் அடுத்த பத்தியில் தைரியமாகக் கோயில் கட்டத் தொடங்கிவிடலாம்.

அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் உற்பத்திக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் கிடங்கு நிறைய நூல் இருக்கிறது என்பதற்காக யாரும் பனியன் இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்கள். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் என்று ஒவ்வொரு படிக்கும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கூலி வேண்டும். எந்தப் படியில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எழுதாமல் ஒரு ஆர்டரை ஒப்புக்கொள்ளவே முடியாது. வரலாறு எழுதுபவர்கள் மட்டும் களஞ்சியத்தில் இருக்கும் பார்லியிலிருந்து பூசாரியின் தட்டில் இருக்கும் ரொட்டிக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். மேல்தோல் மூடிய, பல்லை உடைக்கிற தானியம் அது. யாரோ உமி நீக்க வேண்டும், யாரோ அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு என்றால் அது வீட்டு வேலை. ஒரு நகரத்துக்கு என்றால்?

இந்தக் கேள்வி எனக்கு உருவம் பெற்றது ஒரு புகைப்படத்தில். சிரியாவில் அலெப்போ நகருக்குத் தெற்கே டெல் மார்டிக் என்ற மேடு இருக்கிறது. பழைய எப்லா நகரம் அதுதான். பாவ்லோ மத்தியே தலைமையில் இத்தாலியக் குழு 1964 முதல் அங்கே தோண்டியது. 1975இல் அரண்மனை ஒன்றில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கொண்ட ஆவணக் காப்பகம் கிடைத்ததும் எப்லா உலகப் புகழ் பெற்றது. அதே மேட்டில், காப்பகத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய வேறொரு அரண்மனையில், ஓர் அறை இருக்கிறது. சுவரோரமாகத் திண்ணை போலக் கட்டிய மேடை. அதன்மேல் 16 அரைகற்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. நடுவில் தேய்ந்து குழிந்த கருங்கற்கள். அருகிலேயே மேல்கற்கள். 16 பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றோ மண்டியிட்டோ ஒரே வேலையைச் செய்த அறை அது. காப்பகத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, கருத்தரங்குகள் நடந்திருக்கின்றன. இந்த அறை ஆய்வறிக்கைகளுக்கு வெளியே அதிகம் தலைகாட்டவில்லை. எனக்கோ அந்தப் படத்தைப் பார்த்ததும் எங்கள் தையல் பிரிவின் வரிசைதான் கண்ணில் பட்டது.

அம்மி வேலை

அந்தக் கல்லின் வடிவத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அம்மிதான். கீழே நீண்ட கல், மேலே இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளும் சிறிய கல். நாம் அம்மியைச் சட்டினிக்கும் மசாலாவுக்கும் வைத்துக்கொண்டோம். ஈரமாக அரைப்பது வேறு, காய்ந்த தானியத்தை மாவாக்குவது வேறு. எவ்வளவு வேறு என்று தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை நாட்டு மருந்துக் கடையில் பார்லி வாங்கி வந்து, கொல்லையில் சாத்தி வைத்திருந்த அம்மியைக் கழுவிக் காயவைத்து உட்கார்ந்தேன். முதல் தள்ளலிலேயே தானியம் நாலா பக்கமும் தெறித்து ஓடியது. "குழவியை உருட்டாதே, அழுத்தித் தள்ளு. கொஞ்சம் கொஞ்சமாகப் போடு," என்று அம்மா திண்ணையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். உட்கார்ந்த வாக்கில் அழுத்தம் கொடுக்க முடியவில்லை. மண்டியிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் தோள் வழியாகக் கல்லில் இறக்கினால்தான் தானியம் உடைகிறது. அரை மணி நேரம் கழித்து என் முன்னால் இருந்தது ஒரு கைப்பிடி ரவை. மாவு என்று சொல்ல மனம் வரவில்லை. அதிலும் கல் துகள் கலந்திருந்தது. "அம்மி கொத்தி எத்தனை வருஷம் ஆகிறது, வழவழவென்று கிடக்கிறது, அது எப்படி அரைக்கும்," என்றார் அம்மா. அவர் சொன்னது சரி. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் கல் தானியத்தைப் பிடிக்கும். பழங்காலக் கற்களிலும் திரும்பத் திரும்பக் கொத்திய தடங்கள் இருக்கின்றன. கொத்தக் கொத்தத் துகள் உதிரும், உதிர்ந்த துகள் ரொட்டியில் போகும், ரொட்டி பல்லைத் தேய்க்கும். பழைய எலும்புக்கூடுகளின் பற்கள் தேய்ந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அன்று முட்டியும் இடுப்பும் வலித்தபோது எனக்கு அபு ஹுரைரா நினைவுக்கு வந்தது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றின் கரையில் இருந்த மிகப் பழைய வேளாண் கிராமம் அது. தப்கா அணை கட்டியதால் மூழ்கப்போகிறது என்று 1972, 1973 ஆண்டுகளில் ஆண்ட்ரூ மூர் குழுவினர் அவசரம் அவசரமாகத் தோண்டினார்கள். இப்போது அது ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அங்கே கிடைத்த புதிய கற்கால எலும்புகளை லண்டனில் தியா மால்சன் என்ற ஆய்வாளர் பரிசோதித்தார். பல எலும்புக்கூடுகளில் கால் பெருவிரலின் மூட்டு சிதைந்திருந்தது. முழங்காலில் தேய்மானம், கீழ் முதுகெலும்பில் நசுங்கல். ஏதோ நோய் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எல்லாவற்றையும் ஒரே உடம்பில் சேர்த்துப் பார்த்தபோது ஒரு இருப்புநிலை தெரிந்தது: மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கித் தரையில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் வீசி வீசிக் கல்லைத் தள்ளும் நிலை. நாள்தோறும், மணிக்கணக்கில், சிறு வயதிலிருந்தே. இந்தச் சிதைவு பெரும்பாலும் பெண்களின் எலும்புகளில்தான் இருந்தது. எழுத்து வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலைப் பிரிவினை எலும்பில் பதிவாகிவிட்டது.

இத்தனைக்கும் அபு ஹுரைராவில் அரசன் இல்லை, கோயில் இல்லை, வரி இல்லை. அவரவர் வீட்டுக்கு அவரவர் அரைத்தார்கள். அந்த வலிக்கு யாரையும் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. வேட்டையாடித் திரிந்த காலத்தை விட்டு மனிதர்கள் தானியத்தை நம்பி உட்கார்ந்ததற்குக் கொடுத்த விலை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். யார் முதுகிலிருந்து அந்த விலை போனது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

கல் இல்லாத நாட்டில் கல்

இனி நகரத்துக்கு வருவோம். தெற்கு மெசபடோமியா, அதாவது இன்றைய தெற்கு ஈராக், முழுக்க வண்டல் மண். கூழாங்கல் கிடைப்பதே அரிது. அதனால் அங்கே இருந்தவர்கள் மண்ணை வைத்தே எல்லாவற்றையும் சமாளித்தார்கள். செங்கல் மண், எழுதும் பலகை மண். அறுவடைக்கு அரிவாள்கூடச் சுட்ட களிமண்ணில் செய்து வைத்திருந்தார்கள், நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அரைகல்லை மட்டும் மண்ணில் செய்ய முடியாது. அதற்கு ஆற்றின் மேல்பகுதியிலிருந்தோ மலைப்பக்கத்திலிருந்தோ கருங்கல் வந்தாக வேண்டும். பழைய வணிகத்தைப் பற்றிப் பேசும்போது ஆப்கானிஸ்தானின் பதக்ஷானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி என்ற நீலநிறக் கல், லெபனான் தேவதாரு, ஓமானின் செம்பு என்று பளபளப்பான சரக்குகளைத்தான் அடுக்குவார்கள். எடையில் கனமான, பார்வைக்கு அழகில்லாத ஒரு கல் அந்த நகரங்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் எந்தக் களஞ்சியமும் சோறு போடாது.

உருக் நகரத்தில் ஜெர்மானியர்கள் முதல் உலகப் போருக்குச் சற்று முன்பே தோண்டத் தொடங்கினார்கள். கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ஏயன்னா கோயில் வளாகத்தில் உலகின் மிகப் பழைய எழுத்துப் பலகைகள் கிடைத்தன, சுமார் 5,000 பலகைகளும் துண்டுகளும். அவற்றில் மிகப் பெரும்பகுதி வரவு செலவுக் கணக்குகள். மீதி, சொற்பட்டியல்கள். பாட்டு இல்லை, அரசன் புகழ் இல்லை. இது இப்போது பலருக்கும் தெரிந்த செய்தி, அதனால் நீட்டவில்லை. அந்தக் கணக்குகளில் பார்லி, மால்ட் (பீருக்காக முளைகட்டிக் காயவைத்த தானியம்), ஆடு, மாடு எல்லாவற்றோடும் ஆட்களின் பட்டியலும் இருக்கிறது. அடிமைப் பெண்ணைக் குறிக்க அந்த எழுத்தர்கள் பெண்ணின் குறியையும் மலையின் குறியையும் சேர்த்து எழுதினார்கள். கிழக்கே மலைநாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் என்று பல ஆய்வாளர்கள் இதைப் படிக்கிறார்கள். ராபர்ட் எங்லண்ட் என்ற அமெரிக்க அறிஞர், ஆட்களை ஆண், பெண், வயது என்று வகைப்படுத்திய முறையும் கால்நடையை வகைப்படுத்திய முறையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று காட்டியிருக்கிறார். உலகின் முதல் எழுத்துகளிலேயே இவர்கள் இருக்கிறார்கள். வரிசை எண்ணாக இருக்கிறார்கள் என்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 24ஆம் நூற்றாண்டில், லகாஷ் நாட்டின் கிர்சு நகரில் பாவு என்ற பெண் தெய்வத்தின் பெயரோடு சேர்ந்த ஒரு பெரிய நிர்வாகம் இருந்தது. அதை நடத்தியவர் அரசி. பரனம்தர்ரா என்பது அப்படி நடத்திய ஓர் அரசியின் பெயர். அந்த நிர்வாகத்தின் படிப் பட்டியல்களில், அதாவது கூலியாக அளந்து கொடுத்த தானியத்தின் கணக்குகளில், நெய்கிற பெண்களும் அரைக்கிற பெண்களும் பெயரோடு வருகிறார்கள். அவர்கள் பெயருக்குக் கீழே பிள்ளைகள் வருகிறார்கள், பிள்ளைக்கும் இத்தனை பார்லி என்று அளந்திருக்கிறார்கள். தலைமையில் ஒரு பெண் இருந்ததால் கல்லின் பாரம் குறைந்ததாக எந்தப் பலகையும் சொல்லவில்லை.

உம்மாவின் பேரேடு

என்னைப் படிக்கவிடாமல் எழுந்து நடக்கவைத்தது அடுத்த கட்டம். 'ஊர்' என்ற பெயர் கொண்ட மெசபடோமிய நகரத்தின் மூன்றாம் அரசமரபு, சுருக்கமாகச் சொன்னால் கி.மு. 2112 முதல் 2004 வரை. ஊர்நம்மு தொடங்கினான், அவன் மகன் ஷுல்கி 48 ஆண்டுகள் ஆண்டான். ஷுல்கியைப் பற்றிப் பாடிய பாடல்களில் அவன் எழுத்துக் கல்வியில் யாருக்கும் இளைத்தவன் அல்ல என்று பெருமை அடித்திருக்கிறார்கள். பெருமை வெறும் பேச்சில்லை. அந்த நூறு ஆண்டுகளில் எழுதிய பலகைகள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் நம் கைக்கு வந்திருக்கின்றன. பழங்காலத்தின் வேறெந்த அரசும் இவ்வளவு ரசீது விட்டுவிட்டுப் போனதாக எனக்குத் தெரியவில்லை. உம்மா என்ற மாகாணத்து நகரத்தின் கணக்குகளை எங்லண்ட் 1991இல் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டியிருக்கிறார். நான் அதை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படிக்கத் தொடங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கணக்கு இப்படி நடக்கிறது. ஒரு மேற்பார்வையாளரிடம் 36 பெண்கள் கொண்ட மாவரைக்கும் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு 12 மாதம், மாதம் கணக்குக்கு 30 நாள். ஆகவே 36 பெருக்கல் 360, மொத்தம் 12,960 பெண்-நாட்கள். இது அந்த மேற்பார்வையாளர் பெயரில் பற்று. அரசு அவனிடம் 36 பெண்களைக் கொடுத்தது என்று எழுதுவதில்லை, 12,960 நாட்களைக் கொடுத்தது என்று எழுதுகிறார்கள். அதற்கு மேல், போன ஆண்டு அவன் வைத்த பாக்கியும் பற்றில் முதல் வரியாக ஏறிவிடும். வரவுப் பக்கம் அவன் ஒப்படைத்த மாவு. மாவை மாவாக வரவு வைப்பதில்லை. ஒரு பெண் ஒரு நாளில் இவ்வளவு அரைக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. மாவின் நயத்தைப் பொறுத்து அது மாறும், சாதாரண மாவுக்குச் சுமார் 10 லிட்டர். ஒப்படைத்த மாவை அந்த அளவால் வகுத்தால் நாள் வரும். 100 லிட்டர் கொடுத்தால் 10 நாள் கழியும். அந்தப் பெண்களை அறுவடைக்கு அனுப்பினால், வைக்கோல் சுமக்க அனுப்பினால், ஆற்றின் எதிர்த்திசையில் படகைக் கயிறு கட்டி இழுக்க அனுப்பினால், அந்த நாட்களும் வரவாகும். ஓய்வு நாட்கள் பெண்களுக்கு ஆறில் ஒரு பங்கு, அதாவது மாதத்துக்கு ஐந்து நாள், ஆண்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. ஒருத்தி நடுவில் இறந்துவிட்டால் அவளுக்கு மீதமிருந்த நாட்களும் வரவுப் பக்கம் வந்து உட்காரும்.

என் மேசையில் இருக்கும் எக்செல் பட்டியலில் ஒரு சட்டைக்கு இத்தனை நிமிடம் என்று தர நிர்ணயம் உண்டு. லைனில் இருப்பவர்களின் எண்ணிக்கையை நிமிடமாக மாற்றி, தைத்த துணியையும் நிமிடமாக மாற்றி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் செயல்திறன் சதவீதம் வரும். உலகம் இதைத் தொழிற்புரட்சிக்குப் பிறகு கண்டுபிடித்ததாகத்தான் எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். உம்மாவின் எழுத்தன் அதை ஈரக் களிமண்ணில், அறுபதின் அடுக்கில் எண்ணி, 4,000 ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டான். அவன் என்னைவிட நல்ல கணக்கன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என்னை நிம்மதியிழக்கச் செய்தது கடைசி வரி. வரவைப் பற்றிலிருந்து கழித்தால் பெரும்பாலும் பாக்கிதான் நிற்கிறது. எப்போதாவது மிகுதி வருகிறது. பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகிறது, அடுத்த ஆண்டு இன்னும் ஏறுகிறது. அளவு யாராலும் எட்ட முடியாத உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பது எங்லண்ட் தரும் விளக்கம். பாக்கி வைத்த மேற்பார்வையாளர் இறந்தால் அவர் வீட்டைக் கைப்பற்றினார்கள், பாக்கிக்கு ஈடாக வீட்டு ஆட்களே வேலைக் குழுவுக்குப் போக நேர்ந்தது. ஆகவே அவருக்கும் பயம். பயந்தவன் கையில் இருக்கும் கோல் யார் மேல் விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆணுக்கு மாதம் 60 லிட்டர் பார்லி, பெண்ணுக்குப் பெரும்பாலும் 30 முதல் 40. பிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்கபடி 10, 15, 20. ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கம்பளி. இதில் நான் எங்கும் விவாதித்துப் பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. படியைத் தானியமாகவே அளந்து கொடுத்தார்கள். அரசுக்காகப் பகல் முழுவதும் அரைத்தவள், தன் பங்கு பார்லியோடு குடிலுக்குப் போகிறாள். அது தானாக ரொட்டியாகிவிடாது. அவள் வீட்டிலும் ஒரு கல் இருந்திருக்க வேண்டும். அந்த அரைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது, பெண்-நாளாக வகுக்கப்படாது, யாருடைய பாக்கியிலும் கழியாது.

உபரிக்குத் திரும்புவோம். ஆணின் படி நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால், ஒரு பெண்ணின் ஒரு நாள் அரைப்பு ஐந்து ஆண்களுக்குப் போதும். 20,000 பேர் வாழும் நகரம், ஆளுக்குச் சராசரியாக ஒரு லிட்டர் என்று தாராளம் இல்லாமல் போட்டால்கூட, முழுநேரமாகக் கல்லின் முன்னால் 2,000 பேர் வேண்டும். எல்லாத் தானியத்தையும் மாவாக்கித்தான் உண்டார்கள் என்று இல்லை. வேகவைத்தும் உடைத்துக் கூழாகவும் உண்டார்கள், பெரும்பங்கு பீராகப் போனது. பீருக்கும் மால்ட்டை உடைத்தாக வேண்டும், அது வேறு விஷயம். பாதியைத் தள்ளிவிட்டாலும் 1,000 பேர் மிஞ்சுகிறார்கள். இது என் தோராயக் கணக்குதான். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் வயலை விட்டு வெளியே வந்த குயவனையும் கொல்லனையும் பூசாரியையும் கூட்டினால் எத்தனை பேர் தேறுவார்களோ, அவர்களுக்கு இணையான ஒரு கூட்டம் கல்லோடு கட்டுண்டு கிடந்திருக்கிறது. விடுவிக்கப்பட்ட கைகளைப் பற்றி மட்டும் பேசி நமக்குப் பழக்கமாகிவிட்டது.

என் நண்பர் ஒருவர், வரலாற்றுப் பேராசிரியர், இதைக் கேட்டுவிட்டு எல்லா நாகரிகத்தையும் மெசபடோமியாவை வைத்து எடைபோடாதே என்றார். நியாயம்தான். மொகஞ்சதாரோவிலும் அம்மி வடிவக் கற்கள் ஏராளம், அங்கே எங்கும் உம்மாவைப் போன்ற பேரேடு இல்லை. வீட்டு வீடாக அரைத்திருக்கலாம். அதே மொகஞ்சதாரோவில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 'களஞ்சியம்' என்று பெயரிட்ட கட்டடத்தில் தானியம் எதுவும் கிடைக்கவில்லை, அது களஞ்சியமே இல்லை என்று இப்போது பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் பாடங்களில் மட்டும் அது இன்னும் களஞ்சியமாகவே இருக்கிறது. உபரியின் மேல் அவ்வளவு நம்பிக்கை, தானியம் இல்லாத இடத்திலும் களஞ்சியம் தெரிகிறது! பேராசிரியர் சொன்ன இன்னொன்றை நான் ஏற்கவில்லை. 'அந்தக் காலத்தில் வேறு வழியில்லை' என்றார்.

சக்கரம் இருந்தது

வேறு வழி இருந்ததா என்று பார்க்கலாம். குயவனின் சக்கரம், வண்டியின் சக்கரம் இரண்டும் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிலேயே மெசபடோமியாவில் உண்டு. கால்வாய் வெட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. கல் சுற்றலாம் என்று தெரியும், தண்ணீர் தள்ளும் என்றும் தெரியும். அப்படியும் சுற்றும் திருகை உலகில் தோன்றியது கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் நடுப்பகுதியில், அதுவும் மெசபடோமியாவிலிருந்து வெகுதொலைவில், ஐபீரியத் தீபகற்பத்தில் (இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல்). தண்ணீரின் வேகத்தில் சுற்றும் நீராலை அதற்கும் பின்னால். சக்கரத்துக்கும் திருகைக்கும் இடையே ஏறக்குறைய 3,000 ஆண்டுகள் போயிருக்கின்றன. தெற்கு மெசபடோமியா தட்டையான நிலம், தண்ணீர் வேகமாக ஓடாது, நல்ல கல்லும் கிடைக்காது என்பதெல்லாம் உண்மை. நீராலை அங்கே தோன்றாததற்கு அது போதுமான காரணம். கையால் சுற்றும் திருகை தோன்றாததற்கு எனக்கு அது போதவில்லை. கல் வாங்கத் தெரிந்தவர்கள் வட்டக் கல்லும் வாங்கியிருக்கலாம். என் சந்தேகம், உம்மாவின் பேரேடே இதற்குப் பதில் வைத்திருக்கிறது என்பது. அதில் பெண்-நாள் என்பது ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்ட பண்டம். அதை மிச்சப்படுத்தி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பாக்கி மேற்பார்வையாளருடையது, படி குறைந்தபட்சம், ஆள் குறைந்தால் போர். போரில் பிடிபட்ட பெண்களும் பிள்ளைகளும் உம்மாவுக்கு வந்து சேர்ந்த பட்டியல்கள் இருக்கின்றன. சில மாதங்களிலேயே பல பெயர்களுக்கு எதிரே இறந்துவிட்டதாகக் குறித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கணக்கில் புது எந்திரத்துக்கு எந்த வரியிலும் இடம் கிடைக்காது.

அந்தப் பெண்கள் பேசிய ஒரு சொல்கூட நமக்கு வரவில்லை. மிக அருகில் வருவது கிரேக்கத்திலிருந்து, அதுவும் ஒரு புலவன் வாய் வழியாக. ஹோமரின் ஒடிசி காவியத்தின் இருபதாம் காண்டத்தில் அரசன் வீட்டில் 12 பெண்கள் மாவரைக்கிறார்கள். மற்றவர்கள் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். எல்லாரிலும் பலவீனமான ஒருத்தி மட்டும் இன்னும் முடிக்கவில்லை. அவள் கல்லை நிறுத்திவிட்டு, என் முழங்காலை உடைத்த இந்த மனிதர்களுக்கு இதுவே கடைசி விருந்தாகட்டும் என்று சீயஸ் கடவுளை வேண்டுகிறாள். காவியம் அவள் வேண்டுதலை நாயகனுக்கு நற்சகுனமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அவள் பெயரைச் சொல்லவில்லை.

கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி, தெசலோனிக்காவைச் சேர்ந்த அந்திபாத்தர் என்ற கவிஞர் நீராலையைப் பாடினார். மாவரைக்கும் பெண்களே, கையை எடுங்கள், சேவல் கூவினாலும் தூங்குங்கள், உங்கள் வேலையை நீர்த்தேவதைகளிடம் ஒப்படைத்தாயிற்று என்பது அதன் சாரம். எந்திரத்தின் வரவைக் கொண்டாடிய மிகப் பழைய பாட்டு என்று அதை மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. கி.பி. 79இல் எரிமலை மூடிய பொம்பெயி நகரத்து ரொட்டிக் கடைகளில் நீராலை இல்லை. கழுதையோ மனிதனோ சுற்றி இழுக்கும் பெரிய கல் ஆலைகள்தான் நிற்கின்றன. அந்திபாத்தருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து அபுலேயஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதிய கதையில் கழுதையாக உருமாறிய ஒருவன் அப்படிப்பட்ட ஓர் ஆலைக்கு விற்கப்படுகிறான். உள்ளே அவன் காண்பது, முதுகில் சவுக்குத் தழும்பும் நெற்றியில் சூடும் காலில் வளையமுமாக, புகையில் கண் அவிந்து, மாவு படிந்து வெளுத்துப்போன ஆட்களை. கல் சுற்ற ஆரம்பித்துவிட்டது, பெண்களுக்குப் பதில் அங்கே ஆண்கள் வந்துவிட்டார்கள், கணக்குப் பிள்ளையும் இருந்திருப்பான்.